வக்கீல் ஆகாமலே குடியேற்ற வழக்கில் உதவலாம்: வில்லனோவாவில் படித்த அனுபவம்

அமெரிக்காவில் திருட்டு வழக்கில் சிறைக்குப் போக வேண்டிய நிலையில் இருப்பவருக்குக்கூட, கையில் காசில்லை என்றால் அரசே வக்கீல் வைத்துக் கொடுக்கும். நாடு கடத்தும் வழக்கில் அப்படிக் கிடையாது. சொந்தச் செலவில் வக்கீல் வைத்துக்கொள்ளலாம், முடியாவிட்டால் நீதிபதி முன்னால் தனியாக நிற்க வேண்டியதுதான், குழந்தையாக இருந்தாலும் சரி. இது தெரிந்த நாளிலிருந்து எனக்கு மனசு ஆறவே இல்லை.

நான் நியூஜெர்சியில் இருக்கிறேன், வேலை கணக்கு எழுதுவது. புலம்பெயர்ந்தவர்களுக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்யும் ஒரு சின்ன அமைப்புக்குத் தமிழில் மொழிபெயர்க்கப் போய்வந்துகொண்டிருந்தேன். அங்கிருந்த ஒரே வக்கீலுக்கு மூச்சுவிட நேரமில்லை, வாசலில் எப்போதும் ஆட்கள். அவர்தான் ஒருநாள் "நீங்களே வழக்கு எடுக்கலாமே, அதற்கு வழி இருக்கிறது" என்றார். அமெரிக்க அரசின் நீதித்துறை (நீதிமன்றம் அல்ல, அரசுத் துறை), வக்கீல் அல்லாதவர்களையும் 'அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி' என்று ஏற்றுக்கொள்கிறது. நிபந்தனை என்னவென்றால் தனி ஆளாக விண்ணப்பிக்க முடியாது, லாப நோக்கமில்லாத, ஏழைகளுக்கு உதவுகிற ஓர் அமைப்பு உங்களுக்காக விண்ணப்பிக்க வேண்டும், உங்களுக்குக் குடியேற்றச் சட்டம் தெரியும் என்றும் காட்ட வேண்டும். அந்தப் படிப்புக்குத்தான் வில்லனோவா.

பென்சில்வேனியாவில், பிலடெல்பியாவை ஒட்டி இருக்கிற கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் அது. அகுஸ்தீனார் சபைத் துறவிகள் 1842-இல் தொடங்கியது. இப்போதைய போப் 14ஆம் லியோ 1977-இல் கணிதத்தில் பட்டம் வாங்கியது இங்கேதான். அகதிகளுக்கு இலவசமாக வழக்கு நடத்தும் மையம் ஒன்று அதன் சட்டக் கல்லூரியிலேயே இருக்கிறது, பாலியல் சுரண்டலுக்கு ஆளானவர்களுக்காகவும் தனியாக ஒரு மையம். அந்த அகதிகள் மையத்தை வழிநடத்திய பேராசிரியர் மிஷெல் பிஸ்டோன்தான், வக்கீல்களை மட்டும் நம்பினால் இந்தப் பள்ளம் நிரம்பாது என்று 2020-இல் 'விஸ்டா' என்ற இணையவழிப் படிப்பைத் தொடங்கினார். மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் 14 வாரம்.

கிறிஸ்தவக் கல்லூரி என்றதும் ஊரிலிருந்து அம்மா கேட்ட முதல் கேள்வி, மதம் மாற்றுவார்களா என்பது. என் மதம் என்ன என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஆனால் அவர்களுடைய நம்பிக்கை எங்கே தெரிந்தது என்றால், சட்டப் பிரிவுகளைத் தொடுவதற்கு முன்னாலேயே, எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் எப்படிப் பேசுவது, எப்படிக் கேட்டுக்கொண்டிருப்பது என்று சொல்லிக்கொடுத்ததில் தெரிந்தது. அது எனக்குப் பிடித்தது. சட்டம் இரண்டாம் பகுதியில்தான் முழுசாக வருகிறது. வேலையும் வீடும் முடிந்து ராத்திரியில்தான் படிப்பேன். கஷ்டம்தான், முடியாத கஷ்டம் இல்லை.

ஆள்கடத்தல் பற்றிய பாடத்தில்தான் என் எண்ணமே மாறியது. அடைத்துவைப்பது, சங்கிலி, எல்லை தாண்டிக் கடத்துவது, இதெல்லாம் இல்லாமலேயே சட்டப்படி அது ஆள்கடத்தல் ஆகலாம். ஏமாற்றி அழைத்துவந்து, கடனைக் காட்டியோ, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டோ, 'வெளியே போனால் போலீஸில் பிடித்துக் கொடுப்பேன்' என்று மிரட்டியோ வேலை வாங்கினால் போதும். முறையான விசாவில் வந்தவருக்கும் இது நடக்கும். கத்ரீனா புயலுக்குப் பிறகு, 2006 வாக்கில், மிசிசிப்பிக்கும் டெக்சாஸுக்கும் வெல்டிங், பைப் வேலைக்கு என்று இந்தியாவிலிருந்து சுமார் 500 பேரைக் கூட்டிவந்தார்களே, சிக்னல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கு, அதில் தமிழர்களும் இருந்தார்கள். கிரீன் கார்டு கிடைக்கும் என்று நம்பி ஆளுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேலே கட்டியிருந்தார்கள், ஊரில் நிலத்தையும் நகையையும் வைத்து. வந்து பார்த்தால் ஒரே கொட்டகையில் 24 பேர் வரை, அதற்கு மாதம் 1,050 டாலர் பிடித்தம். 2015-இல் நியூ ஆர்லியன்ஸ் ஜூரி ஐந்து தொழிலாளர்களுக்கு மட்டும் 1.4 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது. நம் ஆட்கள் இதை எல்லாம் 'ஏஜென்ட் ஏமாத்திட்டான்' என்ற ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். அதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது, பாதுகாப்பு இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

முதல் இரண்டு பகுதி முடித்ததும் எங்கள் அமைப்பு எனக்காக அங்கீகாரம் கேட்டு, அதற்கான ஈஓஐஆர்-31ஏ படிவத்தை நீதித்துறைக்கு அனுப்பியது. நன்னடத்தைக் கடிதங்கள், படித்ததற்கான சான்றிதழ் எல்லாம் இணைக்க வேண்டும். அப்புறம் காத்திருப்பு. கிடைத்தது பகுதி அங்கீகாரம், மூன்று வருடத்துக்கு. அதை வைத்துக் குடியேற்றத் துறையிடம் விண்ணப்பங்கள் போடலாம், நீதிமன்றத்தில் நிற்க முடியாது.

அப்படி நான் எடுத்த முதல் பெரிய வேலை ஒரு அக்காவுக்கான டி விசா. வீட்டு வேலைக்கு வந்தவர். அவரை அடையாளம் காட்டும் எதையும் இங்கே எழுதமாட்டேன். டி விசா என்பது ஆள்கடத்தலுக்கு ஆளானவர்களுக்காக 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அதற்கு விண்ணப்பிக்கும் ஐ-914 படிவத்துக்குக் கட்டணம் கிடையாது. போலீஸோ எஃப்பிஐயோ நியாயமாகக் கேட்கும் ஒத்துழைப்பைத் தர வேண்டும். 18 வயதுக்குக் கீழே இருந்தாலோ, நடந்ததன் பாதிப்பால் பேசவே முடியாத நிலை என்றாலோ அதற்கு விலக்கு உண்டு. போலீஸ் சான்று இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. இதில் உயிர்நாடி அவருடைய வாக்குமூலம்தான்.

அதை எழுதி முடிக்கத்தான் மாதங்கள் ஆயின. அவர் சொல்வது தேதி வரிசையில் வராது. சமையலறை பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார், திடீரென்று ஊரில் இருக்கும் மகளிடம் போய்விடுவார், அந்த வீட்டு அம்மாவை 'நல்லவங்கதான்' என்று சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்தில் சம்பளமே கொடுக்கவில்லை என்பார். இது பொய் இல்லை, அடிபட்ட மனசு அப்படித்தான் பேசும் என்று படிப்பில் சொல்லியிருந்தார்கள். அது தெரியாதிருந்தால் நானே சந்தேகப்பட்டிருப்பேன். ஒரே சம்பவத்தை வேறு வேறு நாளில், அவர் தயாராக இருந்தபோது மட்டும் கேட்டோம். நிறுத்தச் சொன்னால் நிறுத்தினோம். அவருக்கு இருந்த பெரிய பயம், அந்த வீட்டுக்காரர்களுக்கு இது தெரிந்துவிடும் என்பது. விண்ணப்பத்தில் இருப்பதை அதிகாரிகள் வெளியே சொல்லக்கூடாது என்று சட்டமே தடுக்கிறது என்று விளக்கிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அவருக்கு முதல்கட்ட ஆய்வு முடிந்து வேலை அனுமதி வந்துவிட்டது. 2024 ஆகஸ்டில் வந்த புது விதியால் கிடைத்த வசதி இது. விசா கிடைத்தால் நான்கு வருடம் இருக்கலாம், மூன்று வருடம் ஆனதும் கிரீன் கார்டு கேட்கலாம், 21 வயது ஆகாத, கல்யாணமாகாத பிள்ளைகளை அழைத்துக்கொள்ளலாம். மகளுக்கான படிவத்தையும் சேர்த்தே போட்டிருக்கிறோம்.

இப்படி யாராவது உங்களுக்குத் தெரிந்த இடத்தில் இருந்தால், தேசிய உதவி எண் 1-888-373-7888. எந்த நேரமும் பேசலாம், மொழிபெயர்ப்பாளர் வைத்துத் தருவார்கள். காசு வாங்கிக்கொண்டு 'பேப்பர் போட்டுத் தரேன்' என்று சொல்கிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். வக்கீலா, அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியா என்று கேளுங்கள், அந்தப் பிரதிநிதிகளின் பெயர்ப் பட்டியலை நீதித்துறை வெளியிடுகிறது.

நான் இப்போது விஸ்டாவின் மூன்றாம் பகுதியில் சேர்ந்திருக்கிறேன். நீதிமன்றத்தில் வாதாடுவதற்கான பயிற்சி அது. எங்கள் அமைப்புக்கு வருகிறவர்களில் பலருக்கு விசாரணைத் தேதி வந்துவிட்டது, அவர்களோடு உள்ளே போக எனக்கு முழு அங்கீகாரம் வேண்டும்.