நெடுக்கா, குறுக்கா: பொனட் திறந்து பார்த்து எழுதிய கொப்பி

கொஞ்சக் காலமாக எனக்கு இதுதான் வேலை. ரோட்டில் எந்த வாகனத்தின் பொனட் திறந்திருந்தாலும் போய் எட்டிப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைப்பேன். ஒவ்வொரு வாகனத்துக்கும் இரண்டே கேள்வி. எஞ்சின் நெடுக்கே கிடக்கிறதா, குறுக்கே கிடக்கிறதா? ஓட்டுவது முன் சில்லா, பின் சில்லா?

இரண்டும் ஒரே கேள்விதானே என்று கேட்பவர்கள் நிறையப் பேர். நெடுக்கே என்றால் பின் சில்லு, குறுக்கே என்றால் முன் சில்லு, அவ்வளவுதான் என்பார்கள். மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரைக்கும் ஓடுகிற கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அது பொருந்தும். ஆனாலும் இரண்டு கேள்வியையும் தனித்தனியாகவே கேட்கவேண்டும் என்பது என் கட்சி. காரணம் போகப் போக வரும்.

முதலில் பார்க்கும் முறை. கிராங், அதாவது பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டு, எந்தத் திசையில் கிடக்கிறதோ அதுதான் எஞ்சினின் திசை. கிராங்கை வெளியிலிருந்து பார்க்க முடியாது, ஆனால் அதன் நுனியில் இருக்கும் புல்லியையும் பெல்ட்டையும் பார்க்கலாம். பெல்ட் ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தால் எஞ்சின் நெடுக்கு. பக்கத்தில், முன் சில்லுக்கு மேலே உள்ள மட்காட் பக்கம் ஒதுங்கியிருந்தால் குறுக்கு. ரேடியேட்டர் ஃபேனும் ஓரளவு காட்டிக்கொடுக்கும். நெடுக்கு எஞ்சினில் ஃபேனை எஞ்சினே சுற்றலாம். குறுக்கே போட்டால் புல்லி ரேடியேட்டரைப் பார்க்காது, அதனால் பெரும்பாலும் மின்சார ஃபேன்தான். இப்போது வரும் கார்களில் எல்லாவற்றையும் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடியால் மறைத்துவிடுகிறார்கள். அதைக் கழற்றச் சொல்லிக் கேட்டால் கார்க்காரர் நம்மை ஒரு மாதிரிப் பார்க்கிறார்.

சாய்ந்தமருதில் கராஜ் வைத்திருக்கும் காக்கா ஒருவர் அதற்கு வழி சொன்னார். "மூடியெல்லாம் கழட்டத் தேவல்ல தம்பி. ஸ்டார்ட்ல வெச்சி எக்ஸிலேட்டர ஒருக்கா அமத்தச் சொல்லிட்டு எஞ்சினப் பாருங்க." அப்படியே செய்தோம். கிராங் வேகமெடுக்கும்போது எஞ்சின் கட்டை அதற்கு எதிர்த்திசையில் முறுக்கிக்கொள்ளும். நெடுக்கே கிடக்கும் பழைய கொரோலா இடமும் வலமுமாக ஆடியது. பக்கத்தில் நின்ற ஆல்டோ முன்னும் பின்னுமாக ஆடியது. ரப்பர் மவுண்ட் தேய்ந்த வண்டி என்றால் இன்னும் நன்றாகத் தெரியும்.

அந்த ஆல்டோ 800, 796 சிசி, மூன்று சிலிண்டர். ஜக்கில் ஏற்றியிருந்ததால் கீழேயும் பார்க்கக் கிடைத்தது. எஞ்சினும் கியர்பொக்ஸும் குறுக்கே ஒரே வரிசையில் இருப்பதால் சுழற்சியை இரண்டு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃப் காரின் நடுவில் வரவில்லை, ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கிறது. அதனால் முன் சில்லுகளுக்குப் போகும் இரண்டு தண்டுகளில் ஒன்று நீளம், ஒன்று கட்டை. பலம் கூடிய எஞ்சினுள்ள கார்களில் இதனாலேயே அழுத்தி மிதிக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். ஆல்டோவுக்கு அந்த அளவுக்குப் பலம் இல்லை.

கிராங்கும் சில்லுத் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாகக் கிடப்பதுதான் குறுக்கு எஞ்சினின் பெரிய லாபம். சுழற்சியை எந்த இடத்திலும் திருப்பவேண்டியதில்லை, சாதாரணப் பற்சக்கரங்களே போதும். நெடுக்கு எஞ்சினின் சுழற்சியை 90 பாகை திருப்பினால்தான் சில்லுக்குப் போகும். அதைச் செய்வது பின் அச்சின் நடுவில் உருண்டையாக வீங்கியிருக்கும் டிஃப். அதற்குள் பற்கள் ஒன்றையொன்று வழுக்கி உரசும். சாதாரண ஒயில் அங்கே தாங்காது, கந்தகம் சேர்த்த தடித்த ஒயில் வேண்டும். பழைய ஹைஏஸ் டொல்பின் ஒன்றின் டிஃப் மூடியைக் காக்கா கழற்றியபோது அடித்த நாற்றத்தை இரண்டு தரம் சோப் போட்டும் கையிலிருந்து போக்க முடியவில்லை.

டொல்பினில் எஞ்சின் முன் சீற்றுக்கு அடியில் நெடுக்கே கிடக்கிறது, நீளமான ஷாஃப்ட் பின் அச்சுக்குப் போகிறது. மத்தியான வெயிலில் கொழும்புக்கு ஓடுகிற டிரைவர்மாருக்கு எஞ்சின் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

கொரோலாவில் இந்த மாற்றம் நடந்தது 1983இல். அதற்கு முந்திய கேஈ70 நெடுக்கு எஞ்சின், பின் சில்லு. 1983இல் வந்த ஈ80 செடான் குறுக்கு எஞ்சின், முன் சில்லு. ஆனால் அதே தலைமுறையில் வந்த ஏஈ86 பழைய முறையிலேயே பின் சில்லில் ஓடியது. ஒரே பெயர், ஒரே ஆண்டு, இரண்டு அமைப்பு. வாகனத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதாது, மொடல் இலக்கமும் வேண்டும் என்று கொப்பியில் ஒரு நிரல் கூட்டியது இதற்குப் பிறகுதான்.

இந்த வேலையில் எனக்கு அதிகம் பிடித்தது மொரிஸ் மைனரும் மினியும். மைனர் 1948இல் வந்தது, மினி 1959இல். இரண்டையும் வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். எஞ்சினும் ஒரே குடும்பம்தான், ஏ-சீரீஸ். மைனர் 1000இல் அது 948 சிசி, முதல் மினியில் 848. மைனரில் அது நெடுக்கே நிற்கிறது. பின்னால் கியர்பொக்ஸ், அதற்குப் பின்னால் ஷாஃப்ட், கடைசியில் டிஃப். மினியில் அதே எஞ்சினைத் திருப்பிக் குறுக்கே வைத்துவிட்டு, கியர்பொக்ஸை எஞ்சினுக்கு அடியில், ஒயில் தொட்டிக்குள்ளேயே வைத்தார். எஞ்சின், கியர், டிஃப் மூன்றுக்கும் ஒரே ஒயில். ரேடியேட்டருக்கும் முன்னால் இடமில்லை, அது பக்கத்தில், சில்லுக் குழியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இவ்வளவு நெருக்கியதால்தான் 3 மீற்றர் சொச்ச நீளமுள்ள காரில் நான்கு பேர் இருக்க முடிந்தது.

கராஜுக்கு வந்த மினியை எக்ஸிலேட்டர் அமத்திப் பார்த்தேன். முன்னும் பின்னும் ஆடாமல் இருக்க எஞ்சினின் தலைப்பக்கத்திலிருந்து பின்சுவருக்கு ஒரு சின்னக் கம்பி போட்டிருக்கிறது. அதன் இரண்டு நுனியிலும் ரப்பர் புஷ். அந்த வண்டியில் புஷ் செத்துப்போயிருந்தது. கிளச்சை விடும்போதெல்லாம் எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கியது. மைனரில் எஞ்சின் ஆடுவது இடமும் வலமுமாக. நெடுக்கே கிடக்கும் எஞ்சின் காரை முன்னும் பின்னும் தள்ளாது.

நம் காலத்தில் இதே கதை சுசுகியில் இருக்கிறது. ஆர்06ஏ என்ற 658 சிசி எஞ்சின் வேகன் ஆரில் குறுக்கே, எவ்ரி வேனில் சீற்றுக்கு அடியில் நெடுக்கே. எவ்ரியில் பின் சில்லு ஏன் என்று கேட்டால், சாமான் ஏற்றிய வேனில் பாரம் பின்னால் விழுகிறது. கல்லடிக் கடற்கரைப் பக்கம் மணலில் டிமோ பட்டா என்ற சின்ன லொறியை ஓட்டியவர்களிடம் கேளுங்கள். வெறும் பட்டா மணலில் சில்லைச் சுற்றிக்கொண்டு நிற்கும். பின்னால் இரண்டு பேர் ஏறி நின்றால் நகரும், மூட்டை ஏற்றினால் இன்னும் நன்றாகப் போகும். முன் சில்லுக் காருக்கு எஞ்சினே பாரம். ஆனால் பின் சீற்றில் மூன்று பேரையும் டிக்கியில் அரிசியையும் ஏற்றினால் அந்த நன்மை குறைந்துவிடும்.

இனி அந்த "நெடுக்கு என்றால் பின்" விதி. உடையும் இடங்கள் பெரும்பாலும் நம் ஊரில் இல்லை, அவற்றைப் படித்துத்தான் எழுதினேன். 1934இல் வந்த சிட்ரோயன் டிராக்ஷன் அவான் நெடுக்கு எஞ்சின், முன் சில்லு. டொயோட்டாவின் முதல் முன் சில்லுக் காரான 1978 டெர்செலும் அப்படியே. அவுடியிலும் நெடுக்கு எஞ்சின் முன் சில்லை ஓட்டும் மொடல்கள் உண்டு. சுபாருவில் படுக்கை எஞ்சின் நெடுக்கே நடுவில் கிடப்பதால் இரண்டு பக்கத் தண்டும் ஒரே நீளம். மறுபக்கம் 1984 டொயோட்டா எம்ஆர்2. எஞ்சின் குறுக்கேதான், ஆனால் இருப்பது சீற்றுக்குப் பின்னால், ஓட்டுவது பின் சில்லை. அதில் இருப்பது ஏஈ86இல் நெடுக்கே இருந்த அதே 4ஏ எஞ்சின். இவ்வளவுக்கும் பிறகு அந்த விதியை நான் நம்புவதாக இல்லை.

விளையாட்டுக்கு லேண்ட் மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தையும் கொப்பியில் சேர்த்தேன். புல்லியும் பெல்ட்டும் பக்கத்தில், ஆகவே குறுக்கு. சம்மாந்துறை வயல்களில் நிற்கும் மெசி ஃபெர்குசன் 135 நெடுக்கு. அதில் சேசிஸ் என்று தனியாக ஒன்று இல்லை. எஞ்சின், கியர்பொக்ஸ், பின் அச்சுக் கூடு மூன்றையும் போல்ட்டில் பூட்டி, அதையே முதுகெலும்பாக்கியிருக்கிறார்கள். எஞ்சினைக் கழற்றினால் டிராக்டர் இரண்டு துண்டு.

அடுத்தது நான்கு சில்லு ஓடும் வாகனங்கள். பழைய ஜீப்களில் முன் டிஃப் உருண்டை நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக இருக்கும். முன்னால் வரும் ஷாஃப்ட் நெடுக்கே கிடக்கும் எஞ்சினின் ஒயில் தொட்டியை விலத்திப் போகவேண்டும் அல்லவா. குறுக்கு எஞ்சின் வைத்த நான்கு சில்லுக் காரில் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் பின்னுக்குப் போகும் ஷாஃப்டுக்காக கியர்பொக்ஸில் ஒரு தடவையும் பின் அச்சில் மறு தடவையும் சுழற்சியைத் திருப்பவேண்டும். பொத்துவில் பக்கம் ஒரு பழைய லேண்ட் ரோவர் நிற்கிறதாம். மழைக்கு முன் போய்க் கீழே படுத்துப் பார்க்கவேண்டும்.