ஒட்டாது, உட்காருங்கள்

அக்டோபர் 6

அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் நல்ல கூட்டம். பக்கத்தில் இருந்த அக்காவுக்கும் எனக்கு இருக்கிற சொரியாசிஸ்தான்; தோலில் செதில் செதிலாகப் படை வரும் நோய். யாரோ கொடுத்த பொடியைச் சாப்பிட்டாராம். இரண்டே வாரத்தில் மேல் சுத்தமாகிவிட்டது; நிறுத்தியதும் உடம்பெல்லாம் சிவந்து கிளம்பிவிட்டது. பெயரில்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. அதைத் திடீரென்று நிறுத்தினால் சொரியாசிஸ் சீறிக்கொண்டு வரும், சீழ்க் கொப்புளம் வரைக்கும் போகலாம்.

எனக்கு இதை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை தொடர்கிறது. ‘ஞாயிறு மட்டும்’ என்று அட்டையில் வட்டம் போட்டுக் கொடுத்தார் மருந்து கொடுக்கும் பெண். வாரம் ஒரு நாள் மாத்திரையைத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அந்த வட்டத்துக்கு ஒரு கும்பிடு.

அக்டோபர் 13

முடி வெட்டப் போனேன். சீப்பை வைத்ததும் கறுப்புத் துணியில் செதில் கொட்டியது. பையன் கையை எடுத்துக்கொண்டான். “அண்ணே, இது பரவுமா?”

கேட்டானே, அதுவே பெரிது. மற்ற இடங்களில் “கூட்டமா இருக்கு, அப்புறம் வாங்க” என்பதோடு சரி.

“ஒட்டாதுப்பா. கிருமியே கிடையாது. உடம்போட எதிர்ப்புச் சக்தி தப்பா முடுக்கிவிடுது. மத்தவங்களுக்கு ஒரு மாசம் எடுத்து வளர்ற தோல் எனக்கு நாலஞ்சு நாள்ல வளர்ந்து உதிருது.”

“அப்போ பிளேடு போடலாமா?”

நல்ல கேள்வி. தோல் கீறினால் கீறிய கோட்டிலேயே புதுப் படை கிளம்பலாம். மெஷினே போதும், காதுக்குப் பின்னால் அழுத்த வேண்டாம் என்றேன். அவ்வளவு பதமாக யாரும் எனக்கு வெட்டியதில்லை.

அக்டோபர் 20

பெரியப்பா மகன் போன் செய்தான். முழங்கையில் அவனுக்கும் படை உண்டு. இப்போது காலையில் விரல் மடங்க அரை மணி நேரம் ஆகிறதாம். வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதே, இது மூட்டையும் பிடிக்கும், நகத்தில் குண்டூசி குத்தின மாதிரி குழி இருக்கா பார் என்றேன். இருக்கிறதாம். மூட்டுவாத மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 28

நாளை உலக சொரியாசிஸ் தினம். இது தொற்றாத, வலி தரும் நாள்பட்ட நோய் என்று உலக சுகாதார சபை 2014-லேயே தீர்மானம் போட்டுவிட்டது. எங்கள் டவுன் பஸ் சீட்டுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

சலூன்களில் ஒட்ட ஒரு நோட்டீஸ். முதுகு முழுக்கப் படை வந்த படம் போட வேண்டும் என்று நண்பன் ஒற்றைக் காலில் நின்றான். பார்க்கிறவன் இன்னும் இரண்டடி தள்ளித்தான் நிற்பான், வேண்டவே வேண்டாம் என்றேன். கடைசியில் எழுத்து மட்டும்: ‘சொரியாசிஸ் ஒட்டாது. பிளேடு வேண்டாம், மெஷின் போடுங்கள்.’ கீழே தோல் பிரிவுப் புறநோயாளி நேரம். அச்சகக்காரர் பார்டர் போடட்டுமா என்றார். பச்சையில் போடச் சொல்லிவிட்டு வந்தோம். செலவு ஆளுக்குப் பாதி.