புல்வெட்டி கிளம்பாவிட்டால் முதலில் பெட்ரோலைப் பாருங்கள்

மூன்று மாதங்களாகச் சும்மா நின்றிருந்த பெட்ரோல் புல்வெட்டியை வெளியே எடுத்து, தோள் வலிக்கும்வரை கயிற்றை இழுத்தும் எஞ்சின் உயிர்பெறவில்லை. பலரையும் போல நானும் ஸ்பார்க் பிளக்கைத்தான் சந்தேகித்தேன்; புதிய பிளக் பொருத்தியும் பலனில்லை. கடைசியில் டேங்க் மூடியைத் திறந்தபோது பெட்ரோலின் காரமான நெடிக்குப் பதிலாக வார்னிஷ் போன்ற புளித்த வாடை அடித்தது. அதை முதலிலேயே முகர்ந்து பார்த்திருந்தால் பிளக் வாங்கிய செலவு மிஞ்சியிருக்கும்.

பெட்ரோல் ஏறத்தாழ 30 நாட்களிலேயே கெடத் தொடங்குகிறது. எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, மீதி மெல்ல மெல்லப் பிசினாகிறது. எத்தனால் கலந்திருந்தால் காற்றிலுள்ள ஈரத்தையும் அது இழுத்துக்கொள்ளும். அந்தப் பிசின் போய் அடைப்பது, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் ஜெட்டை, அதாவது பெட்ரோல் செல்லும் நுண்துளை கொண்ட பாகத்தை. சிறிய புல்வெட்டிகள் பலவற்றில் கார்புரேட்டரின் அடியில் ஒரு கிண்ணம் இருக்கும். அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு போல்ட். எஞ்சின் நன்றாக ஆறிய பின், திறந்த வெளியில், பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு அந்த போல்ட்டைக் கழற்றினேன். என்னுடையதில் போல்ட்டே ஜெட்டாகவும் இருந்தது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், மயிரிழை போன்ற அந்தத் துளையில் ஒளி தெரியவில்லை. மின்கம்பியிலிருந்து உருவிய ஒரு செம்பு இழையை உள்ளே விட்டு, கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சிய பிறகே ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தது. ஊசியால் குத்தக் கூடாது. பித்தளை மென்மையானது என்பதால் துளை பெரிதாகி, காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவு கெட்டுவிடும். கிண்ணத்தின் ரப்பர் வளையத்தை ஒழுங்காக உட்கார வைத்துப் பூட்டி, புதிய பெட்ரோல் ஊற்றினேன். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் ஓடியது.

சில நிமிடங்கள் ஓடிவிட்டு நின்றுபோகும் இயந்திரத்துக்குக் காரணம் டேங்க் மூடியாகவும் இருக்கலாம். அதிலுள்ள காற்றுத்துளை அடைபட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காது. மூடியைச் சற்றுத் தளர்த்தியதும் சரியாக ஓடினால், குற்றவாளி அதுதான். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சாக இருந்தால் சோப்பு நீரில் கழுவிக் காயவைக்கலாம். காகிதமாக இருந்தால் கழுவாமல் தட்டித் தூசியை உதிர்ப்பதோடு நிறுத்த வேண்டும்.

புல்லின் நுனி வெட்டுப்படாமல் கிழிந்து, இரண்டு நாளில் பழுப்பேறினால் பிளேடு மழுங்கிவிட்டது என்று பொருள். பிளேடின் அருகே கை கொண்டுபோகும் முன் பிளக்கிலிருந்து ஒயரைக் கழற்றி ஒதுக்கி வைப்பது கட்டாயம். பிளேடைக் கையால் திருப்பினாலே எஞ்சின் கிளம்பிவிடக்கூடும். புல்வெட்டியைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் மேல்பக்கம் இருக்க வேண்டும். ஒருமுறை நான் மறுபக்கம் சாய்த்ததில் ஆயில் ஃபில்டருக்குள் இறங்கி, கிளப்பியதும் வெண்புகை சூழ்ந்துகொண்டது. அரத்தால் தீட்டும்போது பழைய சரிவை அப்படியே பின்பற்றி, இரு முனைகளையும் ஒரே அளவில் தேய்க்க வேண்டும். பிறகு நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டிப் பார்த்தால், கனமான பக்கம் தாழும். அந்தப் பக்கத்தை இன்னும் சிறிது தேய்க்கலாம். சமநிலை இல்லாத பிளேடு கைப்பிடிவரை அதிரும்.

கல்லிலோ மரக்கட்டையிலோ மோதிய பிறகு கயிறு கையைப் பின்னுக்கு வெடுக்கென்று இழுத்தால், எஞ்சினின் கனத்த சுழல்சக்கரமான ஃப்ளைவீலை அச்சோடு பிணைக்கும் சாவி அறுந்திருக்கலாம். வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில் செய்யப்பட்ட சிறு துண்டு அது. மாற்றுவது எளிது, ஆனால் ஃப்ளைவீலைக் கழற்ற அதற்கென்றே உள்ள புல்லர் தேவை. அது என்னிடம் இல்லாததால், அந்த ஒரு வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுகிறேன்.