147573952589676412927: கடைசி ஆறு இலக்கம் எங்கே போனது?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் டியூஷன் வகுப்பில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு 2^67 − 1 என்ற எண்ணைக் காரணிப்படுத்திக் காட்டத் தாள் தயாரித்தோம். போட்டோஸ்டாட் கடையில் முப்பது பிரதி எடுத்த பிறகுதான் தவறு கண்ணில் பட்டது. தாளில் இருந்தது 147573952589676000000. ஒற்றைப்படை எண் பத்தால் வகுபடுகிற எண்ணாகி நின்றது. அத்தனையும் குப்பைக்கு.

காரணம் இதுதான்: ஸ்பிரெட்ஷீட் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும், மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் எண் முழுதாகத் தெரியும், ஆனால் அது வெறும் எழுத்துதான், கணக்குக்கு உதவாது. கால்குலேட்டரோ பத்து இலக்கத்தோடு நின்றுவிடும்.

கணித அறிஞர் மெர்சென் 1644இல் 2^67 − 1ஐப் பகா எண் என்றார். இன்னொரு கணித அறிஞர் லூக்கா 1876இல் அது தவறு என்று நிரூபித்தார்; ஆனால் காரணி கிடைக்கவில்லை. 193707721 × 761838257287 என்று 1903இல் காட்டியவர் கணித அறிஞர் கோல்.

இந்தப் பெருக்கலைக் கையாலேயே சரிபார்க்கலாம். 193|707|721, 761|838|257|287 என்று மூன்று மூன்றாக வெட்டுங்கள். தமிழ்நாட்டுப் புத்தகத்தைப் பார்த்து லட்சம், கோடி என்று வெட்டினால் கட்டங்கள் பொருந்தாது. வலது ஓரத்தில் 721 × 287 = 206927; 927ஐ எழுதி 206ஐ மேலே ஏற்றுங்கள். அடுத்து 721 × 257 + 707 × 287 + 206 = 388412; 412 கீழே, 388 மேலே. காணாமல் போன ஆறு இலக்கமும் இந்த இரண்டே படியில் திரும்பி வந்துவிட்டன! மூன்றாவது படியில் 841676. நான்காவது படிதான் வழுக்கும்: 1,191,589. மேலே ஏற வேண்டியது 1191. பிள்ளைகள் பழக்கத்தில் 191ஐ ஏற்றுவார்கள், பிறகு முன்னால் வர வேண்டிய 147573 கெட்டு 147572 ஆகிவிடும். சரியாகப் போனால் 700952, கடைசியாக 147573. மொத்தம் பன்னிரண்டு சின்னப் பெருக்கல்.

காரணியைத் தேடவும் விரும்பினால் 134k + 1 வடிவ எண்களை மட்டும் சோதித்தால் போதும். அதிலும் k-ஐ நான்கால் வகுத்து மீதி 0 அல்லது 1 வருபவை மட்டுமே தேறும். நம் காரணிக்கு k = 1445580.

193707721 வகுக்கிறதா என்று மட்டும் பார்க்க ஸ்பிரெட்ஷீட்டையே பயன்படுத்தலாம். ஆனால் மீதியை வர்க்கப்படுத்திக்கொண்டே போகிற குறுக்கு வழி இங்கே கூடாது. ஒன்பது இலக்க மீதியின் வர்க்கம் 17 இலக்கம் வரை போகும். அதே பழைய வெட்டு மறுபடி விழும், விடை தப்பு என்று ஸ்பிரெட்ஷீட் சொல்லவும் சொல்லாது. பொறுமையாக இரட்டியுங்கள்: 1இல் தொடங்கி ஒவ்வொரு வரியிலும் மேலுள்ளதை இரண்டால் பெருக்கி, 193707721ஐத் தாண்டினால் அதைக் கழியுங்கள். 28ஆவது இரட்டிப்பில் 74727735 வர வேண்டும். வராவிட்டால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள். 66ஆவதில் 96853861, 67ஆவதில் 1. அதாவது 2^67ஐ வகுத்தால் மீதி 1; ஆகவே 2^67 − 1 மீதியின்றி வகுபடும்.