இரண்டு கிரெயின் அபினும் 54 வரிகளும்

"கொஞ்சம் உள்ளே போனால்தான் எழுத்து வரும்" என்று போன வாரம் ஒரு நண்பன் அடித்துச் சொன்னான். சாட்சிக்கு இழுத்தது ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜை. 1797இல் அபின் மயக்கத்தில் கனவு கண்டாராம், எழுந்ததும் 'குப்ளா கான்' கவிதையை மளமளவென்று எழுதினாராம், நடுவில் போர்லாக் ஊரிலிருந்து யாரோ வேலையாக வந்துவிட, பேசி அனுப்பிவிட்டு உட்கார்ந்தால் மிச்சம் மறந்துபோயிருந்ததாம். கனவில் வந்தது 200, 300 வரி. கையில் தங்கியது 54.

நானும் கல்லூரியில் இதை அப்படியே நம்பியவன்தான். ஆனால் இதைச் சொன்னவர் கோல்ரிட்ஜ் மட்டும்தான், அதுவும் 1816இல் கவிதை அச்சானபோது எழுதிய முன்னுரையில். அங்கே அபின் என்ற சொல்லே கிடையாது, ஏதோ வலி மருந்து என்று போகிறார். அவர் கைப்பட எழுதிய பிரதி ஒன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது; அதன் குறிப்பில் வயிற்றுக்கடுப்புக்கு இரண்டு கிரெயின் (மருந்து நிறுக்கும் பழைய சின்ன அளவு) அபின் சாப்பிட்டதாகவே எழுதியிருக்கிறார், போர்லாக் ஆளைப் பற்றித்தான் மூச்சே இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். தூங்குமுன் அவர் படித்துக்கொண்டிருந்ததாகச் சொல்வது பர்ச்சஸ் என்பவர் தொகுத்த பழைய பயண நூல். அதில் மங்கோலியப் பேரரசன் குப்ளாய் கான் 16 மைல் சமவெளியைச் சுற்றி மதில் எழுப்புகிறான். கவிதையின் கையெழுத்துப் பிரதியில் அது 'ஆறு மைலுக்கு இருமடங்கு', அச்சில் 'ஐந்து மைலுக்கு இருமடங்கு'. கையெழுத்தில் இருந்த அமரா மலை அச்சில் அபோரா மலையாகிறது. கனவு தந்த வரி என்றால் மைலை ஏன் குறைக்க வேண்டும்? காதில் வைத்துக் கேட்டு, சரியில்லை என்று அடித்து, மறுபடி எழுதிய ஒரு மனுஷனின் தெளிந்த கைதான் எனக்கு அங்கே தெரிகிறது.

அபின் அவருக்குச் செய்ததையும் சொல்லவேண்டும். கவிதை அச்சான அதே 1816இல், பழக்கத்தைக் கட்டுப்படுத்த முடியாமல், லண்டன் ஹைகேட்டில் கில்மன் என்ற மருத்துவர் வீட்டில் போய்த் தங்கினார். கொஞ்ச நாள் இருக்கலாம் என்று போனவர் 18 வருஷம் அந்தக் குடும்பத்தோடேயே இருந்தார். அளந்து கொடுத்தது போதாமல், மருத்துவருக்குத் தெரியாமல் பக்கத்து மருந்துக்கடையிலும் வாங்கிக்கொண்டார். 1834இல் அவர்கள் வீட்டிலேயே இறந்தார்.

நண்பனுக்கு இரண்டு பிரதிகளையும் அருகருகே வைத்து அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.