லிஸ்பனில் மூன்று நாள்: பாண், குசினி, சப்பாத்து

16.05.2019, வியாழன் இரவு

பாரிசிலிருந்து இரண்டரை மணித்தியாலம்தான், ஆனால் அல்ஃபாமாவில் எடுத்த அறைக்கு ஏறி வருவதற்குள் உயிர் போய்விட்டது. தெருவே படிக்கட்டு, வீட்டுக்குள்ளும் மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. கீழே ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும், கேட்காமலே பாணும் ஒலிவ் காயும் வெண்ணெயும் வந்தன. என்ன உபசாரம் என்று இவரும் நானும் ஒரு துண்டு மிச்சமில்லாமல் முடித்தோம். பில்லில் ஒவ்வொன்றுக்கும் தனி விலை! இந்த ஊர் வழக்கம் அதுதானாம், வேண்டாவிட்டால் தொடாமல் விடவேண்டும், தொடாததற்குக் காசில்லை.

பரிமாறிய பெரியவர் பாணை 'பாவுங்' என்று மூக்கால் சொன்னார். கைகழுவப் போகிற வழியில் ஒரு கதவில் 'குசீஞா' என்று எழுதியிருந்தது, உள்ளே அடுப்பு எரிகிறது. குசினியேதான். எங்கள் அம்மம்மா ஒரு நாளும் சமையலறை என்று சொன்னதில்லை.

17.05.2019, வெள்ளி

28ஆம் இலக்க ட்ராமுக்கு நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு நடந்தோம். நல்லதாய்ப் போயிற்று. அல்ஃபாமாவின் சந்துகள் கோணல்மாணல், கீழே பைஷாவுக்கு வந்தால் எல்லாம் அளவுகோல் வைத்துப் போட்ட தெருக்கள். 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள், சனம் கோயில்களில் நிறைந்திருந்த காலை நேரத்தில் பூகம்பம், பிறகு கடல் ஏறியது, மெழுகுதிரிகளும் அடுப்புகளும் சரிந்து மூண்ட தீ நாட்கணக்காக எரிந்தது. அதற்குப் பிறகு அன்றைய அமைச்சர் பொம்பால் புதிதாகக் கட்டுவித்த நகரம் இது. சுவருக்குள் மரச்சட்டங்களைக் கூடு மாதிரிப் பின்னி வைத்துக் கட்டினார்களாம், அடுத்த முறை ஆடினாலும் விழாமல் இருக்க.

கார்மோ தேவாலயத்தைக் கூரை போடாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். வளைவுகள் மட்டும் நிற்கின்றன, மேலே வெறும் நீலம். நடுவில் புறாக்கள். அதிகம் பேசத் தோன்றவில்லை, அரைமணி நேரம் சும்மா இருந்தோம்.

வெளியே வந்தால் ஒரு கடைப் பலகையில் 'சப்பாத்தரீயா'. சப்பாத்துக் கடை! இவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அதற்குள் என் சப்பாத்து மழுமழுவென்ற நடைபாதைக் கல்லில் வழுக்கி, நானே நடுத்தெருவில் இருந்துவிட்டேன்.

பின்னேரம் 15ஆம் இலக்க ட்ராமில் பெலேம். ஜெரோனிமோஸ் மடாலயம், 1501இல் தொடங்கியது. கல்லில் கயிறும் முடிச்சும் செதுக்கியிருக்கிறார்கள், கப்பல்காரரின் பணத்தில் எழுந்தது என்பதைக் கல்லே சொல்கிறது. கோயிலுக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் வாஸ்கோ ட காமா படுத்திருக்கிறார், எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நான் எடுக்கவில்லை. 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, நல்லூர்க் கோயிலை இடித்த போர்த்துக்கேயருக்கு வழி திறந்த ஆள். அம்மம்மாவின் வாயில் கிடந்த சொற்களும் அந்த வழியாகத்தான் வந்தன, அதையும் நினைத்துக்கொண்டேன்.

பக்கத்திலேயே 1837இலிருந்து முட்டைக் கிரீம் பேஸ்ட்ரி சுடுகிற கடை. வாசலில் வரிசை பெரிதாகத் தெரிந்தாலும் உள்ளே அறைக்கு அறை மேசைகள், நீல ஓட்டுச் சுவர்கள். சூடாக வந்ததன் மேல் கறுவாத்தூளும் சீனித்தூளும் தூவிக் கடித்தால் ஓடு நொறுங்கி நடுவில் கொதிக்கிற கிரீம். நாக்குச் சுட்டது. ஆளுக்கு இரண்டு என்று உட்கார்ந்து ஒன்பதில் முடித்தோம், ஒற்றைப்படை எப்படி வந்தது என்று கேட்கவேண்டாம். கறுவா இலங்கையிலிருந்து இவர்கள் அள்ளிய சாமான், அந்தக் கணக்கில் இரண்டை இலவசமாகத் தந்திருக்கலாம்.

இரவு, மத்தி கேட்டோம், ஜூனில் வாருங்கள் என்றார்கள். அதனால் பக்கல்யாவு, உப்பிட்டு உலர்த்திய கொட் மீன், உதிர்த்து முட்டையோடும் நூல் நூலாய்ப் பொரித்த உருளைக்கிழங்கோடும் கிளறியது. கருவாட்டு வாசம் இருக்கும் என்று நினைத்தேன், துளியும் இல்லை. ஒரு பச்சைமிளகாய் வெட்டிப் போட்டிருந்தால் எங்கேயோ போயிருக்கும்.

18.05.2019, சனி, விமானநிலையம்

அம்மம்மாவுக்கு ஃபோன் போட்டு, இங்கேயும் குசினி, சப்பாத்து, பாண் எல்லாம் அதே பெயர்தான் என்றேன்.

"அப்பிடியே? எங்கட ஆக்கள் எப்ப அங்க போனவை?" என்று கேட்டார்.