கொழும்பிலிருந்து ராலே வரை இரண்டு சாராயப் போத்தல்கள்

என் அக்காவின் கணவருக்கு 2024 டிசம்பரில் அறுபது வயது நிறைந்தது. அவர்கள் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ராலே நகரில் இருக்கிறார்கள். வரும்போது என்ன கொண்டுவர என்று தொலைபேசியில் கேட்டபோது அக்கா ஒடியல் மாவில் (காய்ந்த பனங்கிழங்கு மா) தொடங்கி நீண்ட பட்டியல் ஒன்றைச் சொன்னார். அத்தான், "எனக்கு எங்கட தென்னஞ்சாராயம் ஒரு போத்தல் போதும் தம்பி, வேற ஒண்டும் வேண்டாம்" என்றதோடு நிறுத்திக்கொண்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எதையும் கேட்காத மனிதர் வாய்விட்டுக் கேட்ட ஒன்று என்பதால், அந்தப் போத்தலை எப்படியாவது முழுதாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு வந்துவிட்டது.

அந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு பழைய இழப்பும் இருந்தது. 2018இல் இலண்டனில் உள்ள நண்பர் ஒருவருக்காகக் கொழும்புக்கு அருகே கட்டுநாயக்க விமான நிலையத்தின் தீர்வையற்ற கடையில் ஒரு போத்தல் சாராயம் வாங்கினேன். கடையில் அதை ஒரு தெளிவான பையில் இட்டு ஒட்டித் தந்தார்கள். விமானத்தில் ஏறியபின் அந்தப் பை கால்மாட்டில் இடைஞ்சலாகக் கிடந்தது. போத்தல் உடைந்துவிடுமோ என்ற பயத்தில் பையைக் கிழித்து, போத்தலைக் கம்பளிச் சட்டைக்குள் சுற்றி முதுகுப் பைக்குள் வைத்தேன். பற்றுச்சீட்டைப் பத்திரமாக என் பணப்பையில் வைத்துக்கொண்டேன். விமானம் மாறிய இடத்தில் இருந்த சோதனை மேசையில் அந்தப் பற்றுச்சீட்டைக் காட்டினேன், போத்தலின் மூடி திறக்கப்படவில்லை என்பதையும் காட்டினேன். அதிகாரி இரண்டையும் பார்க்கவேயில்லை. "பை எங்கே?" என்று மட்டும் கேட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை, போத்தல் மேசைக்குக் கீழிருந்த சாம்பல் நிறத் தொட்டிக்குள் போனது. ஏற்கெனவே அதற்குள் கிடந்த போத்தல்களோடு அது மோதிய ஓசை இன்னும் என் காதில் நிற்கிறது.

அன்று எனக்குப் புரியாத ஒன்றை, இந்த முறை புறப்படுவதற்கு முன்பே இருந்து படித்துப் புரிந்துகொண்டேன். 2006 ஆகஸ்டில், பானப் போத்தல்களில் திரவ வெடிபொருளை மறைத்து வட அமெரிக்காவுக்குச் செல்லும் விமானங்களைத் தகர்க்கும் சதி ஒன்று இலண்டனில் கண்டுபிடிக்கப்பட்டது. கைப்பொதியில் உள்ள திரவங்கள் ஒவ்வொன்றும் 100 மில்லிலீற்றருக்கு மேற்படாத கொள்கலனில், எல்லாம் சேர்ந்து ஒரு லீற்றர் பைக்குள் அடங்க வேண்டும் என்ற விதி அதிலிருந்து வந்ததுதான். அப்படியானால் விமான நிலையத்துக்குள் விற்கப்படும் 750 மில்லிலீற்றர் போத்தலை என்ன செய்வது? முதல் விமானத்துக்கு அதில் சிக்கல் இல்லை, சோதனைக்கு உட்பட்ட பகுதியில் வாங்கிய பொருள் அது. இரண்டாவது நாட்டில் மறுபடியும் சோதனை மேசைக்கு வரும்போது, அங்குள்ளவருக்கு அந்தப் போத்தல் எங்கிருந்து வந்தது, இடையில் யாராவது திறந்தார்களா என்பது தெரியாது. அதற்கு உத்தரவாதம் தருவதற்காகவே, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வழிகாட்டலின்படி, திறந்தால் அடையாளம் காட்டும் அந்தச் சீல் வைத்த பை வந்தது. ஆகவே சோதனை மேசையில் இருப்பவர் நம்புவது பையைத்தான். பை கிழிந்த கணமே, மூடி திறக்காத போத்தலும் வெறும் 750 மில்லிலீற்றர் திரவமாகிவிடுகிறது.

எங்கள் வழி கொழும்பு, டோஹா, வாஷிங்டன் டலஸ், ராலே என்று இருந்தது. அதாவது போத்தல் கட்டுநாயக்கவைவிட்டுப் புறப்பட்டபின் இரண்டு இடங்களில் சோதனையைக் கடக்க வேண்டும். வெள்ளவத்தையில் காலி வீதியிலேயே சாராயம் வாங்கிப் பயணப்பெட்டிக்குள் வைத்துவிட்டால் இந்தத் தலையிடி எதுவும் இல்லையே என்று என் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. 24 வீதத்துக்கு மேல் 70 வீதம் வரை மதுசாரம் உள்ள பானம் ஒருவருக்கு 5 லீற்றர் வரை, திறக்கப்படாத கடைப் போத்தலாக இருந்தால், பெட்டிக்குள் வைத்து அனுப்பலாம். 70 வீதத்துக்கு மேற்பட்டது எந்தப் பொதியிலும் கூடாது. சாராயம் இந்த அளவுக்குள் அடங்கும். ஆனால் வெளியில் வாங்கும் போத்தலின் விலையில் பெரும்பகுதி வரி. அதோடு எங்கள் இரு பெட்டிகளும் அக்காவின் பட்டியலால் ஏற்கெனவே ஏறக்குறைய நிரம்பியிருந்தன. எனவே தீர்வையற்ற கடை என்றே முடிவு செய்தோம். இருந்தும் ஒரு முன்னேற்பாடு செய்தேன்: ஒரு பெட்டியை 23 கிலோ வரை நிரப்பாமல் 20 கிலோவோடு நிறுத்தி, நடுவில் இரண்டு பழைய சாரங்களை மடித்து வைத்தேன். அதன் காரணம் டலஸில் நடந்ததைச் சொல்லும்போது தெரியும்.

கட்டுநாயக்கவில் குடியகல்வு முடிந்து உள்ளே போனதும் கடைக்குச் சென்றோம். அலங்காரத்துக்காகப் பீங்கானிலும் உலோகத்திலும் வரும் கொள்கலன்களில் மனைவிக்கு மனம் போனது. நான் சாதாரணக் கண்ணாடிப் போத்தலையே எடுத்தேன். ஒளி ஊடுருவாத கொள்கலனுக்குள் இருப்பதைச் சோதனைக் கருவியால் சரியாகப் பார்க்க முடியாவிட்டால், சீல் இருந்தாலும் அதைத் திருப்பிவிடும் உரிமை அமெரிக்கச் சோதனை அதிகாரிகளுக்கு உண்டு. 750 மில்லிலீற்றர் போத்தல்கள் இரண்டு எடுத்து, ஒன்றை என் கடவுச்சீட்டிலும் மற்றதை மனைவியின் கடவுச்சீட்டிலும் தனித்தனியாகப் பதிந்து, தனித்தனிப் பைகளில் போட்டுத் தரும்படி கேட்டேன். அமெரிக்காவில் 21 வயது நிறைந்த ஒருவருக்குத் தீர்வையில்லாமல் அனுமதிக்கப்படும் மது ஒரு லீற்றர். இரண்டு போத்தலும் ஒரே பெயரில் இருந்தால் ஒன்றரை லீற்றர் ஆகிவிடும். அதிகப்படியானதற்குத் தீர்வை கட்டிக் கொண்டுபோகலாம் என்றாலும், இருவர் போகும்போது அந்தப் பேச்சுக்கே இடம் வைக்க வேண்டியதில்லை.

காசாளராக இருந்த பெண் நீர்கொழும்பைச் சேர்ந்தவர், தமிழில் பேசினார். போத்தலைப் பைக்குள் இறக்கி, பற்றுச்சீட்டை மடித்து மேலே இணைக்கப் போனார். நான் அவசரமாக, "தங்கச்சி, அதை உள்ளுக்குள்ள வையுங்கோ, திகதி வெளியில தெரியிற மாதிரி" என்றேன். அவர் உடனே புரிந்துகொண்டு, பற்றுச்சீட்டின் அச்சிட்ட பக்கம் வெளியே தெரியும்படி உள்ளே வைத்து, ஒட்டும் பட்டியின் காகிதத்தை உரித்து, நுனியிலிருந்து நுனிவரை விரலால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தார். "எங்க இறங்குறீங்களோ அங்க போய்ச் சேருமட்டும் திறக்காதேங்கோ அண்ணா" என்று சொல்லியும் விட்டார். ஓரங்களில் சிவப்புக் கோடு ஓடும் அந்தப் பையைக் கையில் வாங்கியபோது, 2018இல் இதே போன்ற பையை என்ன அலட்சியமாகக் கிழித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். பற்றுச்சீட்டின் திகதியும் நேரமும் முக்கியம். அமெரிக்காவுக்குள் இணைப்பு விமானத்தில் கொண்டுபோகும் பொருள் அதற்கு முந்திய 48 மணித்தியாலங்களுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். எங்கள் பயணம் அதற்குள் நன்றாக அடங்கியது. வழியில் ஓரிரு நாள் தங்கிப் போகிறவர்கள் இந்தக் கணக்கைக் கொழும்பிலேயே போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

விமானத்தில் பைகளை மேல்தட்டில் வைக்காமல், முன் இருக்கைக்குக் கீழே துணிப்பை ஒன்றுக்குள் நிமிர்த்தி வைத்தோம். மேல்தட்டில் ஒரு பெட்டியின் பூட்டு உரசினால்கூடப் பையில் கீறல் விழும், கீறல் விழுந்த பையைத் திறந்த பையாகவே எடுத்துக்கொள்வார்கள்.

டோஹாவில் விமானம் மாறுகிறவர்களுக்கான சோதனையில் பைகளைத் துணிப்பையிலிருந்து எடுத்துத் தட்டில் தனியாக வைத்தேன். கேட்கும் முன்பே வெளியே எடுத்து வைப்பது நல்லது. மறைத்ததாக யாரும் நினைக்க மாட்டார்கள், கைப்பொதியைக் கிளறவும் வேண்டியிருக்காது. அதிகாரி ஒரு பையைத் தூக்கி, ஒட்டிய விளிம்பில் பெருவிரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாக நகர்த்தினார். பிறகு திகதியை வாசித்தார். போத்தலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கூடப் பார்க்கவில்லை. மனைவியின் பைக்கும் அதே போல விரலை ஓட்டிவிட்டு, போகலாம் என்று தலையசைத்தார். ஆறு வருடமாக எனக்குள் இருந்த ஒரு பாரம் அந்த மேசையில் இறங்கியது என்றே சொல்ல வேண்டும்.

எனினும் உண்மையான கண்டம் டலஸில்தான் இருந்தது. பலரும் தவறும் இடமும் அதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அமெரிக்காவுக்குள் வேறொரு நாட்டிலிருந்து வருகிறவர் பொதுவாக, பெட்டி கடைசி ஊர்வரை பதியப்பட்டிருந்தாலும், முதலில் இறங்கும் விமான நிலையத்தில் குடிவரவு முடித்து, பெட்டியைச் சுழலும் பட்டையிலிருந்து தானே எடுத்து, சுங்கத்தைக் கடந்து, மறுபடியும் உள்நாட்டு விமானத்துக்காக ஒப்படைக்க வேண்டும். அதன்பின் தன் கைப்பொதியோடு உள்நாட்டுச் சோதனைக்குப் போக வேண்டும். அந்தச் சோதனையில் சீல் வைத்த பை செல்லும் என்று விதி இருக்கிறது. ஆனால் கருவி எச்சரித்து, அதைத் தீர்க்க முடியாவிட்டால் போத்தல் உள்ளே போகாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. சீல் இருந்தாலும் பெட்டிக்குள் வைப்பதே மேல் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமே ஆலோசனை சொல்கிறது. பெட்டி நம் கைக்கு வரும் அந்த இருபது நிமிடத்தை இதற்கு அல்லாமல் வேறு எதற்குப் பயன்படுத்துவது?

குடிவரவு அதிகாரி உணவு, மது ஏதும் உண்டா என்று கேட்டார். ஒடியல் மாவையும் மிளகாய்த் தூளையும் சொல்லி, ஆளுக்கு ஒரு போத்தல் சாராயம் என்றேன். சாராயம் என்றால் என்ன என்று கேட்டார். தென்னம்பாளையிலிருந்து இறக்கும் கள்ளை வடித்து எடுப்பது, எங்கள் நாட்டுப் பானம் என்று விளக்கினேன். அளவைக் கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார். எதையும் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுவதில் எவ்வளவு நிம்மதி இருக்கிறது என்பதை அங்கே நின்றபோதுதான் உணர்ந்தேன்.

பட்டையிலிருந்து பெட்டிகளை எடுத்ததும், சுவரோரமாக ஒதுங்கி, 20 கிலோ பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தேன். சீல் வைத்த பையோடேயே ஒவ்வொரு போத்தலையும் ஒரு சாரத்தில் சுற்றி, தலையும் அடியுமாக மாற்றி அருகருகே படுக்க வைத்து, சுற்றிலும் துணியால் இறுக்கினேன். ஒரு கண்ணாடிப் போத்தல் நிறையோடு ஒன்றேகால் கிலோ அளவுக்கு வரும். விட்டு வைத்த மூன்று கிலோ அதற்குச் சரியாகப் போதுமாக இருந்தது. பையைப் பிரிக்காமல் வைத்ததற்குக் காரணம் வேறு. போத்தல் உடைந்தாலும் சாராயம் அந்தப் பைக்குள்ளேயே நிற்கும், அக்காவின் ஒடியல் மா தப்பும். பெட்டியை ஒப்படைத்துவிட்டு, வெறுங்கையோடு உள்நாட்டுச் சோதனையைக் கடந்தோம். எங்களுக்கு முன்னால் நின்ற முதியவர் ஒருவரின் பையை ஓரமாக எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் கண்கள் அந்தப் பையின் பின்னாலேயே போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அது என்ன ஆனது என்று பார்ப்பதற்குள் எங்களை நகரச் சொல்லிவிட்டார்கள்.

ராலேயில் பெட்டியைத் திறந்தபோது இரண்டும் முழுதாக இருந்தன. அத்தான் சமையலறைக் கத்தரிக்கோலால் பையை வெட்டி, முதலில் பற்றுச்சீட்டை எடுத்து, கட்டுநாயக்க என்று அச்சிட்டிருந்த வரியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றப் போத்தலின் பையை வெட்ட அவர் விடவில்லை. அது சீலோடேயே அவர் அலுமாரியில் இருக்கிறது.

இன்று சில ஊர்களில் இந்த விதி தளர்ந்து வருகிறது. புதிய சி.டி. ஸ்கேன் வகைச் சோதனைக் கருவிகள் பொருத்திய எடின்பரோ, பர்மிங்காம் விமான நிலையங்களில் 2025 முதல் இரண்டு லீற்றர் வரையான கொள்கலனைக் கைப்பொதியில் கொண்டு போகலாம். இதை நம்பிப் பையைக் கிழித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏறும் இடத்தின் விதி எவ்வளவு தாராளமாக இருந்தாலும், வழியில் மாறும் இடத்தில் அந்த இடத்தின் விதிதான் நடக்கும். அதேபோல, தீர்வையற்ற கடையில் வாங்கியதாயினும் சொந்தப் போத்தலை விமானத்துக்குள் திறந்து குடிக்கக் கூடாது. பக்கத்து இருக்கைக்காரர் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் சீலைப் பிரிக்கவே வேண்டாம்.

திரும்பி வரும்போது நண்பர்களுக்காக ஏதாவது வாங்க மனைவி டோஹாவில் நின்றார். நான் வேண்டாம் என்றேன். கட்டுநாயக்கவில் வந்திறங்குகிறவர்களுக்கும் தீர்வையற்ற கடைகள் உண்டு. குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் வாங்கிக்கொண்டு போகும் நம்மவர்களுக்கு நடுவில் நின்று, தேவையான இரண்டு போத்தல்களை அங்கேயே வாங்கிக்கொண்டு, நேரே வான் வண்டியில் ஏறி வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தோம்.